எண்பத்தொன்பதாவது நாள்

சேந்தனூர் என்று நான் சொன்னதும், "அந்தக் குப்பைமேட்டு ஊரா?" என்று கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை, அண்ணாச்சி. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்துகிறார்கள். ஜன்னல் ஷட்டரை இறக்குகிறார்கள். ஆனால் அந்தக் குப்பை இன்னும் அங்கேயே கிடப்பதற்கு யார் காரணம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது கண்ணில் சொட்டு விட்டு, மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. இரண்டு ஆயிற்று, இன்னும் ஒன்று பாக்கி. நீங்களும் மூடிக்கொண்டுதான் இருப்பீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது. அதனால் பேச வருகிறது.

என் பெயர் ஆவுடையப்பன். படிப்பு எட்டாம் வகுப்பு. எங்கள் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை, இருபத்தாறு வருஷம் பார்த்தேன். மேலரதவீதி வால்வு முப்பத்தொரு சுற்று. பள்ளிவாசல் தெரு இருபத்திரண்டு. எங்கள் கீழக்காலனி பதினெட்டுதான், குழாய் சின்னது. எந்தத் தெருவாக இருந்தாலும் நாற்பது நிமிஷம். தலைவர் வீட்டுத் தெரு என்று நாற்பத்தொன்று விட்டதில்லை. வேண்டாதவர் தெரு என்று முப்பத்தொன்பது விட்டதில்லை. என் மகன் கல்யாணத்தன்றைக்குக்கூடத் தாலி கட்டி முடிந்ததும் பட்டு வேட்டியோடு போய்ப் பள்ளிவாசல் தெரு வால்வை மூடிவிட்டு வந்தேன். பந்தியில் சம்பந்திகள் எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வடிவு, என் வீட்டுக்காரி, முழுப்பெயர் சண்முகவடிவு, அன்றைக்குப் பூராவும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது. தண்ணீர் நேரத்துக்கு நின்றதா இல்லையா?

ஓய்வு பெற்றதும் பதினோராவது வார்டுக்காரர்கள் என்னை நிற்கச் சொன்னார்கள். கட்சி கிடையாது. சின்னம் பூட்டு சாவி. பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். எதற்காக நிற்கச் சொன்னார்கள் என்றால், அந்தக் குப்பைக்காகத்தான். எங்கள் வார்டின் கடைசி வீட்டிலிருந்து குப்பைமேடு இருநூற்றுப் பத்து அடி. நான் அளந்திருக்கிறேன். அந்தக் கடைசி வீடு என் வீடு. ஒரு நாளைக்கு டிராக்டர் நாலு நடை வரும். செவ்வாய்க்கிழமை சந்தை என்பதால் புதன்கிழமை மட்டும் ஏழு நடை. கொட்டுவார்கள், கொளுத்துவார்கள், போய்விடுவார்கள். புகை போகாது.

வடிவுக்கு இளைப்பு. முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு கோடையிலும் வந்தது. பிறகு சோறு வடிக்கக் குனிந்தால் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். நிமிஷத்துக்கு எத்தனை தடவை இழுக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். "எண்ணாதீங்க, அதுக்கே மூச்சு முட்டுது" என்பாள். நான் ஜெயித்த வருஷம், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், மகன் மதுரையிலிருந்து வந்து கூட்டிப்போனான். பஸ் ஏறும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னாள். "இந்தக் குப்பை போனாத்தான் இனி இந்த வீட்டுக்கு வருவேன், பார்த்துக்கிடுங்க" என்றாள். சரி என்றேன். அதுதான் எனக்கும் அவளுக்கும் பேச்சு.

இப்போது எங்கள் மன்றத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து உறுப்பினர்கள். தலைவர் ராஜகனி என்கிற அம்மா. பெண்களுக்கு ஒதுக்கின இடம் என்பதால் அந்தம்மாவை நிறுத்தினார்கள். ஆனால் ஊரில் தலைவர் என்று சொன்னால் அவருடைய வீட்டுக்காரர் பொன்பாண்டிதான். உறுப்பினர் அல்லாதவர் கூட்ட அறைக்குள் உட்காரக் கூடாது. அதனால் பொன்பாண்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். நாற்காலியின் பின்கால் இரண்டும் வாசற்படிக்கு வெளியே, முன்கால் இரண்டும் உள்ளே. பாதி விதியை மதித்த மாதிரி. அவர் ஒரு தடவை இருமினால் அந்தம்மா "நிறைவேறியது" என்று சொல்லும். இரண்டு தடவை இருமினால் "ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லும். ஒருநாள் அவருக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. அன்றைக்கு ஒரே சாக்கடையை மூன்று தடவை ஒத்திவைத்தோம்.

முதல் வருஷம் பதினொரு கூட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைப்பேன், அதற்குள் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது வருஷம் நாலாவது வார்டு தங்கப்பழம் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, எங்க வார்டுக்குச் சமுதாயக்கூடம் வருது. நீங்க கையைத் தூக்குங்க. அடுத்த தீர்மானம் உங்க குப்பை. நாங்க அத்தனை பேரும் தூக்குதோம்" என்றான்.

"சத்தியமா?" என்றேன்.

"உங்களை ஏமாத்திட்டு நான் எங்க போவேன்? தண்ணி உங்க கையிலல்லா இருந்துச்சு" என்று சிரித்தான்.

தூக்கினேன். சமுதாயக்கூடம் நிறைவேறியது. அடுத்து என்னுடையது. ஹெட்கிளார்க் சாமிதாசன் படிக்க ஆரம்பித்ததும் தங்கப்பழம் எழுந்து வெளியே போனான். அவனுக்குப் பின்னால் ஒருத்தர். பிறகு இரண்டு பேர். டீ வந்துவிட்டதாம். மொத்தம் ஒன்பது பேர் போய்விட்டார்கள். மீதி ஆறு. பாதிப் பேராவது இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. வாசலில் இரண்டு இருமல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பழம் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க அண்ணாச்சி, ஆறிரப்போவுது" என்றான்.

அதை நான் மறக்கவில்லை. அந்த டீ ஆறியதோ என்னவோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருங்கள். மூன்றாவது சொட்டு விட வருகிறதாம். தலையைச் சாய்க்க வேண்டுமாம்... ஆயிற்று. எரிகிறதா உங்களுக்கு? எனக்கும்தான்.

ஐந்தாவது வருஷம் ஒரு சந்தர்ப்பம் வந்தது. புதுப் பேருந்து நிலையம் கட்டியிருந்தார்கள். அதற்குத் தன் அப்பா அருணாசலம் பெயரை வைக்க வேண்டும் என்று பொன்பாண்டிக்கு ஆசை. அருணாசலம் நல்ல மனுஷர்தான், ஆனால் பஸ் ஏறினால் வாந்தி வரும் அவருக்கு, எங்கே போனாலும் சைக்கிள்தான். அவர் பெயரைப் பேருந்து நிலையத்துக்கு வைப்பதற்கு ஆறாவது வார்டு மரியசெல்வமும் அவன் பக்கத்து ஆறு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் தலைவரம்மாவோடு சேர்த்து ஏழு. நான் எட்டாவது கை.

பொன்பாண்டி என் வீட்டுக்கே வந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னவே ஆவுடையப்பன், இந்த நாத்தத்துல எப்படி இருக்கீரு?"

"நீங்க அனுப்புத நாத்தம்தான்" என்றேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு பேசினேன்.

"சரிவே. எங்க அப்பா பேருக்கு ஒரு கை தாரும். உம்ம குப்பையை ஊருக்கு வெளிய இருக்க கரட்டு நிலத்துக்கு மாத்திருதேன்."

"முதல்ல குப்பை. பிறகு பேரு."

"முதல்ல பேரு. பிறகு குப்பை."

எனக்கு அந்த டீ ஞாபகம் வந்தது. முதலில் நான் தூக்கினால் அவர்கள் எழுந்து போவார்கள். முதலில் அவர்கள் தூக்கினால் நான் எழுந்து போவேன் என்று அவர்களுக்குப் பயம். நான் போகமாட்டேன், ஆனால் அதை அவர் எப்படி நம்புவார்? அதனால் சொன்னேன். "ரெண்டையும் சேர்த்துக் கட்டிருவோம். ஒண்ணு செல்லாம இன்னொண்ணு செல்லக் கூடாது. எழுதி வச்சிருவோம்."

பொன்பாண்டி சிரித்தார். "எட்டாங்கிளாஸ் படிச்சுக்கிட்டு என்ன மூளைவே உமக்கு!" என்றார். அதை எழுதுகிறபோது காட்டினேன். ஆறு தடவை எழுதிக் கிழித்து, ஏழாவது தடவை கோடு போட்ட தாளில் மூன்று வரியாக எழுதினேன். இப்போதும் அப்படியே சொல்வேன், கேளுங்கள். 'தீர்மானம் இருபத்துமூன்று, குப்பைக்கிடங்கு மாற்றம், செல்ல வேண்டுமானால் தீர்மானம் இருபத்துநான்கு செல்ல வேண்டும். தீர்மானம் இருபத்துநான்கு, பேருந்து நிலையப் பெயர், செல்ல வேண்டுமானால் தீர்மானம் இருபத்துமூன்று செல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தொண்ணூறு நாள் முடியும்வரை யாரும் திருத்தக் கூடாது.' மூன்றாவது வரி எதற்கு என்றால், பெயரை வைத்துவிட்டு மறுநாளே ஒரு கூட்டம் போட்டுக் குப்பையை அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது? தொண்ணூறு நாளில் குப்பையை மாற்றிவிடலாம். மாற்றின குப்பையைத் திரும்ப அள்ளிக்கொண்டு வரமாட்டார்கள். எல்லாம் யோசித்துத்தான் எழுதினேன்.

சாமிதாசன் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு விழுந்தா இன்னொண்ணையும் இழுத்துட்டுல்லா விழும்?"

"விழாது. எட்டு கை இருக்கு."

"இந்த ரூம்புல இருக்க கையை எண்ணிட்டீங்க. மேல இருக்கவங்க கையை எண்ணலையே?"

கிளார்க்குமார்கள் இப்படித்தான், எதிலும் ஒரு சந்தேகம் சொல்வார்கள். ஜூலை இருபத்தேழாம் தேதி கூட்டம். மூன்றும் நிறைவேறியது. எட்டுக்கு ஏழு. எட்டுக்கு ஏழு. எட்டுக்கு ஏழு. மறுநாள் காலையிலிருந்தே டிராக்டர் கரட்டு நிலத்துக்குப் போனது. நான் வடிவுக்குப் போன் போட்டேன்.

"போயிட்டா?" என்றாள்.

"போகுது. பழசையும் அள்ளணும். அள்ளி முடிஞ்சதும் சொல்லுதேன்."

"புகை இல்லைல்லா? அப்பம் வந்திரட்டுமா?"

"முழுசாப் போகட்டும்" என்றேன். அரையும் குறையுமாக வரச்சொல்லி என்ன பயன்?

பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் எங்கள் வார்டில் துணி வெள்ளையாகக் காய்ந்தது. இருபதாவது நாள் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தனிமனிதர் பெயரை அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது, பெயர்த் தீர்மானம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று. சரி, பெயர் போனால் போகட்டும் என்று நான் இருந்தேன். மரியசெல்வம் விடுவானா? கரட்டு நிலத்தை ஒட்டித்தான் அவன் தென்னந்தோப்பு. அடுத்த கூட்டத்தில் என் மூன்று வரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். அழகாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். "இருபத்துநாலு செல்லலை. ஆகவே இருபத்துமூணும் செல்லாது. இது நான் சொல்லுதது இல்லை. பதினோராவது வார்டு அண்ணாச்சி சொல்லுதது" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பொன்பாண்டி இருமக்கூட இல்லை, எழுந்து போய்விட்டார். அப்பா பெயரே இல்லை, அவருக்கு இனி குப்பையைப் பற்றி என்ன? அன்றைக்குச் சாயங்காலம் டிராக்டர் திரும்ப எங்கள் வார்டுக்கு வந்தது.

பாருங்கள் அண்ணாச்சி, நான் எழுதினதில் பிழை இல்லை. பிழை இருந்தால் மரியசெல்வத்தால் அதை அப்படி வாசித்திருக்க முடியுமா? மேலே இருக்கிறவர்கள் கெடுத்தார்கள், மரியசெல்வம் கெடுத்தான், பொன்பாண்டி கைவிட்டார். என் தாள் மட்டும்தான் சொன்னபடி நின்றது.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு வருத்தம். அக்டோபர் மாதம் ராஜகனி அம்மா என் வீட்டுக்கு வந்தது. தனியாக. வாசலில் நின்று, மூக்கைப் பொத்தாமல் பேசியது.

"அண்ணாச்சி, எங்க மாமா பேரு வராட்டா வராம போகட்டும். அவுக அதுக்காகச் சாகலை. குப்பையை மட்டும் தனியா அவுத்து ஒரு தீர்மானம் போட்டிருவோம்."

"தலைவர் சம்மதிச்சாரா?"

"நான்தானே அண்ணாச்சி தலைவர்?" என்றது. "எங்க பக்கம் என்னோட சேர்த்து நாலு. பேருக்காக மட்டும் முறைச்சவங்க அந்தப் பக்கம் நாலு. நான் வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். உங்களோட ஒன்பது. வடிவு மதினி கிட்டயும் போன்ல பேசிட்டேன். கூட்டத்தன்னைக்கு வரச் சொல்லிருக்கேன்."

நான் ஒன்பதையும் விரலில் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கூட்டத்துக்கு இருபத்துநாலாம் தேதி என்று நோட்டீஸ் வந்தது. நான் தேதியைப் பார்த்தேன். எண்ணினேன். திரும்ப எண்ணினேன். எனக்கு அன்றைக்குப் பூராவும் சோறு இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நமக்குத்தான் முகம் பார்த்துப் பேச வராதே. கூட்டத்திலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் அந்த நாற்காலி இல்லை. ராஜகனி அம்மா அதை உள்ளே எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, அதில் தன் கைப்பையை வைத்திருந்தது. சாமிதாசன் தீர்மானத்தை வாசித்தார். "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று அந்தம்மா சொன்னது. குரல் நடுங்கவில்லை. கைகள் எழும்பப் போகின்றன. நான் எழுந்து நின்றேன். ஐந்து வருஷத்தில் நானாக எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

"இன்னைக்கு எடுக்க முடியாது" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தொண்ணூறு நாள் முடியலை. இன்னைக்கு எண்பத்தொன்பது."

சாமிதாசன் எழுந்தார். "ஆச்சு அண்ணாச்சி. ஜூலைல அஞ்சு, ஆகஸ்டு முப்பத்தொண்ணு, செப்டம்பர் முப்பது, இந்த மாசம் இருபத்துநாலு. தொண்ணூறு. எண்ணித்தான் தேதி குறிச்சேன்."

"தீர்மானம் போட்ட நாளையும் சேர்த்து எண்ணிருக்கீரு. அது சேராது. மறுநாள்தான் ஒண்ணு."

"சேரும்னும் எண்ணலாம்லா?"

"எழுதினவன் நான். எனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து தங்கப்பழம் குரல். "விடுங்கய்யா, நாப்பது நிமிசம் ஆகாம அவரு வால்வை மூடமாட்டாரு." சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ராஜகனி அம்மா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி" என்றது. "நாள் பத்தி இங்க ஒருத்தரும் கேக்கலை. உங்க வார்டு. உங்க வீடு. கையை மட்டும் தூக்குங்க. ஒன்பது பேரு இருக்கோம்."

"ஒன்பது பேரு இருந்தா எண்பத்தொன்பது தொண்ணூறாயிருமா தலைவரம்மா? நாளைக்கு இதே ஆளுங்கள்ல எவனாவது கோர்ட்டுக்குப் போனா மொத்தமும் செல்லாமப் போயிரும். ஒரு நாள்தானே. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு வச்சுக்கிடுங்க. நானே முத ஆளாத் தூக்குதேன்."

அப்போது மரியசெல்வம் எழுந்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. முறைன்னா முறைதான். நாளைக்கே வச்சுக்கிடுவோம்" என்றான். எதிரி, அண்ணாச்சி! எதிரியே ஒப்புக்கொண்டான். அதற்கு மேல் யார் பேச முடியும்? அவன் பக்கத்து நாலு பேரும் மரியசெல்வம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வராந்தாவில் ராஜகனி அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னது. "பதினெட்டு வருஷமா அந்த மனுஷன் இருமுனதுக்கெல்லாம் தலையாட்டினேன். இன்னைக்கு ஒருநாள்தான் நானாப் பேசினேன்."

"நாளைக்கும் பேசலாம்லா" என்றேன்.

அது என்னைப் பார்த்த பார்வை... சரி, விடுங்கள். பொம்பளைகளுக்கு அவசரம்.

வடிவு பேருந்து நிலையத்தில் இருந்தாள். ராஜகனி அம்மா சொன்னதை நம்பிக் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குள் போகவில்லை. குப்பைத் தீர்மானம் முடிந்த பிறகு போகலாம் என்று அங்கேயே பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மேலே பெயர்ப்பலகை, பெயர் எழுதாமல் வெறும் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். மதுரையில் போய் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. மூச்சு இழுக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்குப் பதினாறுதான்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"நாளைக்கு."

"நாளைக்கா? ஒன்பது கை இருக்குன்னு ராஜகனி சொல்லிச்சே?"

"கை இருக்கு. நாள் ஒண்ணு குறையுது. இன்னைக்கு எண்பத்தொன்பது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு, "வேற யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றேன்.

மூன்று பத்துக்கு மதுரை பஸ். ஏறிவிட்டாள். ஒரு ராத்திரி ராஜகனி அம்மா வீட்டிலாவது தங்கியிருக்கலாம். ஒரு ராத்திரிதானே? நான் படியில் நின்று அதைத்தான் சொன்னேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

மறுநாள் காலை பத்தேமுக்காலுக்கே போய்விட்டேன். அறை பூட்டியிருந்தது. சாமிதாசன் கதவில் பசை தடவித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே உள்ளாட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்களாம். தேர்தல் விதி வந்துவிட்டது, இனி எந்தத் தீர்மானமும் எடுக்கக் கூடாது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னைக்குத் தொண்ணூறு, அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் அவரும் ஒத்துக்கொண்டார். அப்புறம் அந்தத் தேர்தல் ஏதோ வழக்கில் நின்றுபோயிற்று. எங்கள் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர் என்று ஒருத்தர் வந்தார். அவரிடம் பதினான்கு மனு கொடுத்தேன். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கிடக்கு. இதைத் தொட்டா எனக்குத்தான் வம்பு. புது மன்றம் வந்து பார்த்துக்கிடட்டும்" என்றார். நாலு வருஷம் ஆகிறது. டிராக்டர் இப்போது ஆறு நடை. புதன்கிழமை ஒன்பது.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ஆவுடையப்பனால் கெட்டது என்கிறார்கள். என் வார்டுக்காரர்களே பேசுகிறார்கள். மரியசெல்வத்தைச் சொல்லவில்லை, பொன்பாண்டியைச் சொல்லவில்லை, அந்த டீ குடித்த ஒன்பது பேரைச் சொல்லவில்லை. சரியாக எண்ணினவனைச் சொல்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், எண்பத்தொன்பதை நான் எப்படித் தொண்ணூறு என்று சொல்வது?

வடிவு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், நல்ல பொம்பளை. போன பொங்கலுக்கு அவளாகவே போன் செய்தாள். சும்மா பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் வைத்த பொங்கல் குழைந்துவிட்டது என்றாள். சோறு யார் வடிக்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். கண் எப்படி இருக்கிறது என்றாள். மங்கல்தான், எண்ணினால் ஒன்றிரண்டு தப்புகிறது என்றேன். பிறகு சொன்னாள். "புகை இருந்தா இருந்துட்டுப் போகுது. இருக்கப்போற நாள் எத்தனையோ. நான் வந்திரட்டுமா?"

எனக்கு அவள் மூச்சுதான் முக்கியம், அண்ணாச்சி. அதனால் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "நீ என்ன சொல்லிட்டுப் போனே? குப்பை போனாத்தான் வருவேன்னு சொன்னே. குப்பை இன்னும் போகலையே, வடிவு" என்றேன்.

அலோ, அலோ என்று நாலு தடவை கூப்பிட்டேன். அவள் வைத்திருக்கமாட்டாள். லைன்தான் கட்டாகியிருக்கும். எங்கள் பக்கம் டவர் அவ்வளவு சரியில்லை.